புங்கை விட்ட மூச்சும் ஜெனரேட்டர் கக்கிய புகையும்

ஜலஜா ஓர் அறை விட்டால் அந்தச் சத்தம் மந்தைவெளியிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரை வரைக்கும் கேட்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அதெல்லாம் மிகை. அடையாறு பாலத்தோடு நின்றுவிடும்.

பெண்கள் கல்லூரி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கல்லூரியில் அவள் உடைத்த மேஜைகளைச் சேர்த்து அடுக்கினால் ஒரு கப்பல் கட்டலாம். தி.நகரில் புடவைக்கடை வாசலில் சங்கிலியைப் பறிக்க வந்த ஒருவன், போலீஸ் வந்ததும் இன்ஸ்பெக்டரின் காலைக் கட்டிக்கொண்டு, "என்னிய ஜீப்புல ஏத்திடுங்க சார், இந்தம்மாகிட்ட விட்டுட்டுப் போய்டாதீங்க" என்று கதறினான். ஜலஜாவின் கணவர் சுந்தரராமன் அன்றும் இன்றும் சட்டைப்பையில் பிளாஸ்திரி இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. பிளாஸ்திரி மனைவிக்கு அல்ல, எதிராளிக்கு.

அப்பேர்ப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கையைக்கூட ஓங்காமல், வெறும் வாயால் ஒரு மரத்தைக் கொல்லப் பார்த்தாள்.

அவர்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், மதில் ஓரமாக ஒரு புங்கை மரம். அதன் நிழலில் பாதி குடியிருப்புக்கு, மறுபாதி மதிலுக்கு அந்தப் பக்கம் மெத்தை தைத்து விற்கும் அஃப்சருன்னிசா வீட்டு முற்றத்துக்கு. மரத்துக்குப் பத்தடி தள்ளி, குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமான டீசல் ஜெனரேட்டர். கிழடு. அது ஓடத் தொடங்கினால் கட்டடம் முழுக்கக் குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கும். அது விடும் கரும்புகை நேராக முதல் மாடிக்கு ஏறி ஜலஜாவின் ரசத்துக்குள் இறங்கும். அந்த ஜெனரேட்டரைத் தூக்கி எறியவைக்க வேண்டும் என்றுதான் அவள் சங்கக் கூட்டத்தில் எழுந்தாள்.

ஆனால் ஜலஜாவுக்கு ஒரு பழக்கம். எந்தப் பாடத்தையும் இயற்கையில் தொடங்கித்தான் மனிதனிடம் வருவாள். உப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் கடலிலிருந்து கிளம்புவாள்.

"நம்ம வாசல்ல புங்கை நிக்கறதே, அது சும்மா நிக்கறதுன்னு நினைச்சுண்டிருக்கேளா?" என்று ஆரம்பித்தாள். "வெயில் ஏற ஏற அது இலை வழியா ஐசோபிரீன்னு ஒரு ஆவியை விட்டுண்டே இருக்கும். லோகத்துல இருக்கற காடெல்லாம் சேர்ந்து விடற ஆவி, மனுஷா விடற இந்த மாதிரி ஆவியையெல்லாம் விட ஜாஸ்தி. அதுதான் ஓசோனுக்கு ஒரு மூலப்பொருள். உசரத்துல இருக்கற ஓசோன் நமக்குக் குடை. ஆனா கீழ, நம்ம மூக்குக்கு நேரா உண்டாறதே, அது நெஞ்சை அரிக்கும். பூமிக்கும் சூடு ஏத்தும்..."

அந்த இடத்தில் பஜ்ஜி வந்தது.

அந்தச் சங்கத்தில் பஜ்ஜித் தட்டு வந்துவிட்டால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். எழுதாத சட்டம். பிரதமர் பேசிக்கொண்டிருந்தாலும் அவ்வளவுதான். தட்டு வரிசை வரிசையாகப் போகும். வேண்டுமென்பவர்கள் கை தூக்குவார்கள். ஜலஜாவும் உட்கார்ந்து ஒரு வாழைக்காய் பஜ்ஜியை வாயில் போட்டாள். கொதிக்கக் கொதிக்க இருந்தது. இன்னொன்று வேண்டுமென்று கையும் தூக்கினாள். மீதிப் பாடம் எங்கே போய்விடும், அடுத்த கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

செயலாளர் ஜெயராம் காத்திருந்தது அந்தக் கணத்துக்குத்தான். புதிதாக ஒரு டீசல் கார் வாங்கியிருந்தான். கார் என்று மரியாதைக்குச் சொல்வது. ஒரு சின்னக் கல்யாண மண்டபம். அதை நிறுத்த இடம் இல்லை. இருந்த ஒரே இடத்தில் புங்கை நின்றது.

"மேடம் சொன்னதைக் கேட்டீங்கல்ல? மரம் விடுறது நெஞ்சை அரிக்குதாம். எடுத்துடலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க!" என்றான். தட்டைப் பார்த்து நாற்பது கைகள் ஏற்கெனவே உயர்ந்திருந்தன. முன்வரிசையில், வாய் நிறைய பஜ்ஜியோடு, ஜலஜாவின் கை.

"ஏகமனதா நிறைவேறிடுச்சு" என்றான் ஜெயராம். பஜ்ஜிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

அந்த வாரமே ஒரு நாள், பராமரிப்பு வேலைக்காக மின்வாரியம் காலையிலேயே மின்சாரத்தை நிறுத்தியது. கத்திரி வெயில். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஜலஜா அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த உறுமலுக்கு மேல் இன்னொரு உறுமல் எழுந்தது. ஆயிரம் குளவிகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம். ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு கிளை, இலையும் பூவுமாக, தலைகீழாகப் போயிற்று. கீழே மொத்தென்று விழுந்ததில் அடுப்பின் மேல் தோசை தானாகவே திரும்பிக்கொண்டது.

ஜலஜா தோசைத் திருப்பியோடு படியிறங்கினாள். இறங்கினாள் என்றா சொல்வது? உருண்டு வந்த பாறைக்குப் படிகள் வழிவிட்டன. பின்னாலேயே சுந்தரராமன், பிளாஸ்திரிப் பையைத் தடவிக்கொண்டே.

மரத்தின் உச்சியில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு வெங்கடேஷ் என்ற மரம் வெட்டுகிறவன் கீழேயிருந்து வயர் இழுத்த மின்சார வாளால் அடுத்த கிளையில் கைவைத்திருந்தான். கீழே ஜெயராம், இடுப்பில் கையூன்றி, தன் கல்யாண மண்டபத்தைப் பக்கத்திலேயே கொண்டுவந்து தயாராக நிறுத்தியிருந்தான்.

"டேய்! யார்டா மரத்தை வெட்டச் சொன்னது?"

"நீங்கதான் மேடம்" என்றான் ஜெயராம், சிரித்துக்கொண்டே.

"நானா?"

"நீங்கதானே சொன்னீங்க, ஓசோனுக்கு மூலப்பொருள், நெஞ்சை அரிக்கும்னு? கையும் தூக்கினீங்க. முதல் கை உங்க கை."

ஜலஜாவின் நெஞ்சில் யாரோ உலக்கையால் இடித்தார்கள். பாதியில் விட்ட பாடம். அந்தப் பாதியைத்தான் இவன் சாணை பிடித்து மரத்தின் கழுத்தில் வைத்திருக்கிறான். இந்த மரம் விழுந்தால் வெட்டியது வெங்கடேஷ் அல்ல, ஜெயராம்கூட அல்ல; அவள் நாக்கு.

"நான் முடிக்கலைடா பாவி! பாடத்துல பாதிதான் சொல்லியிருக்கேன்!"

"முடிக்காததுக்கு நான் என்ன பண்ண முடியும், மேடம்? பஜ்ஜி வந்துடுச்சே."

முதல் அடி அப்போது விழுந்தது. தோசைத் திருப்பியின் தட்டைப் பக்கம் ஜெயராமின் இடது கன்னத்தில் படிந்து, சூட்டோடு ஒரு நெய் ரோஸ்ட் அச்சு வைத்தது. அவன் தள்ளினான். அவள் பிடித்த பிடியில் சட்டைப் பித்தான்கள் தெறித்து ஒன்று இரண்டாம் மாடி பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தில் போய்ப் பதிந்தது. அவன் அவள் மணிக்கட்டை முறுக்கினான். அவள் அவன் தோளைக் கடித்தாள். சுந்தரராமன் இருவரையும் சுற்றிச் சுற்றி வந்து, "ரத்தம் வந்தா சொல்லுங்கோ, ரத்தம் வந்தா சொல்லுங்கோ" என்றார்.

அந்த நேரத்தில் மதிலுக்கு மேல் ஒரு வெள்ளை மேகம் எழும்பியது. வெட்டுண்ட கிளையின் மறுபாதி அஃப்சருன்னிசாவின் முற்றத்தில், தைத்து அடுக்கியிருந்த மெத்தைகள் மேல் விழுந்து, அத்தனையும் கிழிந்து பஞ்சாகப் பறந்தது. மந்தைவெளியில் பனி பெய்தது அன்று ஒரு நாள்தான். பனிக்குள்ளிருந்து அஃப்சருன்னிசா, பஞ்சு அடிக்கிற பிரம்போடு, மதிலைத் தாண்டிக் குதித்தாள். அறுபது வயது. குதித்த இடத்தில் சிமெண்டுத் தரை விரிசல் விட்டது.

ஆனால் அவள் வந்தது ஜெயராமை நோக்கி அல்ல.

"டீச்சரம்மா! மரம் விஷம் கக்குதுன்னு நீதான் சொன்னியாமே? செக்ரெட்ரி தெருவெல்லாம் சொல்றாரு! எங்க வூட்டு நெழலு உனுக்கு விஷமா? பொளப்பே போச்சே, அல்லா!"

பிரம்பு ஜலஜாவின் முன்கையில் விழுந்தது. விளாசலுக்கு இரண்டு நிறம் உண்டு. முதலில் வெள்ளை, அப்புறம் சிவப்பு. இரண்டும் வந்தன. இரண்டாவது அடி தோளில். மூன்றாவது முதுகில். குடியிருப்பே பால்கனியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, ஜலஜா இப்போது திருப்பி அடிப்பாள், இரண்டு தெருவும் தரைமட்டம் என்று.

ஜலஜா திருப்பி அடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவள் வாங்கிக்கொண்டு சும்மா நின்றது அந்த மூன்று அடிகளுக்குத்தான். வலியைவிட நியாயம் அதிகம் இருந்தது அவற்றில்.

"அடி அஃப்சர். எனக்கு வேணும். ஆனா பாதியை நான் சொன்னேன், மீதியைக் கேக்காம இவன் வெட்டறான். என்னை அடிச்சுண்டே இருந்தா மரம் போயிடும்."

அஃப்சருன்னிசாவின் பிரம்பு காற்றில் நின்றது. மெதுவாக, கோயில் தேர் திரும்புவதுபோல், ஜெயராம் பக்கம் திரும்பியது.

"மரத்துக்குக் கீள யாரும் நிக்காதீங்க!" என்று உச்சியிலிருந்து வெங்கடேஷ் கத்தினான். "இன்னா சார், சண்ட போட்டுக்கினு கீறீங்க? கெள வருது! கெள வருது!"

கிளை வந்தது. எங்கே விழ வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாம்புபோல் முறுக்கிக்கொண்டு இறங்கி, ஜெயராமின் காரின் முன்கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்து ஓட்டுநர் இருக்கையில் போய் அமர்ந்தது. காரின் அபாய மணி ஊளையிட்டது. ஜெயராமும் ஊளையிட்டான். எது மணி, எது மனிதன் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இனிமே கிளை இல்லடா! அடியோட!" என்று கத்திய ஜெயராம், மரத்தடியில் சாய்த்து வைத்திருந்த வெங்கடேஷின் கோடாலியைப் பிடுங்கி, இரண்டு கையாலும் ஓங்கி, அடிமரத்தில் ஒரு போடு போட்டான். பட்டை பிளந்து மஞ்சள் சதை தெரிந்தது. மேலே கயிற்றில் தொங்கிய வெங்கடேஷ், "யோவ், மேல நான் கீறன்யா!" என்று அலறினான்.

இரண்டாவது போட்டுக்கு ஓங்கியவனின் முழங்காலில் அஃப்சருன்னிசாவின் பிரம்பு இறங்கியது. ஜலஜா தலையைக் குனிந்து, காளை பாய்வதுபோல் பாய்ந்து, அவன் வயிற்றில் முட்டினாள். மூவரும் புழுதியில் உருண்டார்கள். பல், நகம், முழங்கை. ஜெயராமின் மூக்கு உடைந்தது. ஜலஜாவின் உதடு கிழிந்தது. அஃப்சருன்னிசாவின் வளையல்கள் அத்தனையும் பொடி. "இப்போ ரத்தம் வந்துடுத்து!" என்று சுந்தரராமன் கிட்டத்தட்டச் சந்தோஷமாகக் கத்தினார்.

எழுந்தபோது கோடாலி ஜலஜாவின் கையில் இருந்தது. கீழே ஜெயராம் மல்லாந்து கிடந்தான்.

அவன் கண்ணில் உயிர்ப்பயம். அவள் கையில் கோடாலி தானாகவே உயர்ந்தது. அடுத்த நாள் செய்தித்தாளில் தன் புகைப்படம் எந்தப் பக்கத்தில் வரும் என்றுகூட அவளுக்குத் தோன்றிவிட்டது. சுந்தரராமன் கண்களை மூடிக்கொண்டார்.

ஜெனரேட்டர் ஒரு செருமல் செருமி, ஒரு கொத்துக் கரும்புகையை நேரே அவள் முகத்தில் கக்கியது.

இருமல் வந்தது. கண்ணில் நீர் வந்தது. கூடவே அவளுக்குச் சிரிப்பும் வந்தது. இலை ஆவியும் இந்தப் புகையும், இரண்டு பேர் சேர்ந்தால்தானே ஓசோன்? ஒருவன் போக வேண்டும் என்றுதானே தீர்மானம்? சரி, போகட்டும்.

ஜலஜா திரும்பினாள். முதல் வெட்டில் ஜெனரேட்டரின் தகரக் கூண்டு வாழை மட்டையாகப் பிளந்தது. இரண்டாவது வெட்டில் ரேடியேட்டர் உடைந்து கொதிநீர் ஆளுயரத்துக்குச் சீறியது. பெல்ட் அறுந்து சாட்டையாய்ச் சுழன்று மதில் மேலிருந்த பூந்தொட்டியைத் துண்டாக்கியது. அவள் புடவைத் தலைப்பு பொசுங்கியது. விடவில்லை. அது குலுங்கியது, கனைத்தது, தரையைப் பிறாண்டியது, அவள் வெட்டினாள். போன ஜன்மத்தில் இருவருக்கும் பங்காளிச் சண்டை இருந்திருக்க வேண்டும். கடைசியாக ஒரு நெடிய மூச்சை இழுத்து, நான்கு போல்ட்டுகளைத் துப்பிவிட்டு, ஜெனரேட்டர் செத்தது.

எல்லாம் நின்றது. காற்றாடிகள் நின்றன. வெங்கடேஷின் வாளும் நின்றது. பழைய கம்பிக்கதவு லிஃப்ட், தரைத்தளத்துக்கு ஓரடி மேலே, ஜெயராமின் மாமியாரோடு நின்றது.

"மாப்ளே! இன்னாது, கரண்டு பூட்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஜெயராம் மூக்கைப் பிடித்துக்கொண்டே எழுந்தான். "போலீஸைக் கூப்பிடறேன்! சங்கத்துச் சொத்து!"

"கூப்டு சார்" என்றான் வெங்கடேஷ், கயிற்றில் இறங்கிக்கொண்டே. "மரம் வெட்ற பர்மிஷன் பேப்பர் அப்பறம் தரேன்னு சொல்லிக்கினே கீற. வந்தா மொதல்ல அத்தத்தான் கேப்பாங்க. எதுனா பதில் வெச்சிருக்கியா?"

ஜெயராமின் கைப்பேசி பைக்குள் போயிற்று.

ஜலஜா செத்த ஜெனரேட்டரின் மேல் ஏறி நின்றாள். உதட்டில் ரத்தம், கன்னத்தில் கரி, கையில் கோடாலி. பால்கனிகளிலும் படிகளிலும் இருந்த அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். அவள் பணியாற்றிய காலமெல்லாம் இப்படி ஒரு வகுப்பு அமைந்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை விட்ட இடத்துலேர்ந்து வரேன்" என்றாள். "புங்கை விடறது தனியா ஓசோன் ஆகாது. கூட நைட்ரஜன் ஆக்ஸைடு வேணும். அது மின்னல்லேர்ந்து கொஞ்சம் வரும், மண்ணுலேர்ந்து கொஞ்சம் வரும். அது காலகாலமா நடந்துண்டிருக்கறது. நம்ம ஊர்ல மிச்சமெல்லாம் எங்கேர்ந்து வரது? இதோ, இந்தப் பேய் கக்கித்தே, இந்தப் புகைலேர்ந்து! ரெண்டும் வெயில்ல கைகோத்தாத்தான் ஓசோன். புகையே அண்டாத நடுக்காட்டுல, இதே இலை ஆவி ஓசோனைத் தின்னக்கூடத் தின்னும். புரியறதா?"

புரிகிறது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். புரியாதவர்கள் இன்னும் வேகமாக ஆட்டினார்கள்.

"அதே ஆவி காத்துல பொடிப்பொடித் துகளாயி, மேகம் கட்டறதுக்கு ஒத்தாசை பண்ணும். அப்போ பூமிக்குக் குளிர்ச்சி. இன்னொரு பக்கம், மீத்தேன் சீக்கிரம் அழியாம இருக்கறதுக்கும் வழி பண்ணிடும். அப்போ சூடு."

"அப்போ மரம் நல்லதா, கெட்டதா மேடம்?" என்று இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர், வடகத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டு கேட்டார். "ஒரே வார்த்தைல சொல்லிடுங்களேன்."

"ஒரே வார்த்தைல கேக்கப்போய்த்தாண்டா இந்தக் கதி!"

"வேப்ப மரம்னா அந்த ஆவி கம்மியாமே, மேடம்" என்று ஜெயராம் மூக்குக்குள் முனகினான். "நெட்ல போட்டிருக்கான். இதை எடுத்துட்டு அதை..."

"வையேன். தாராளமா வை. உன் கார் நிக்கற இடத்துல வை. நிக்கற மரத்தை எதுக்குடா வெட்டணும்? இத்தனை வருஷமா வெயிலைத் தன் தலைல வாங்கிண்டு நிக்கறது. மூச்சு விட்டதுக்கு மரணதண்டனையா?"

"சபாஷ்!" என்றாள் அஃப்சருன்னிசா, பிரம்பைத் தரையில் தட்டி. "யாருனா பஜ்ஜி கொண்டாந்தீங்க, கைய ஒடச்சிருவேன்!"

அப்போதுதான் லிஃப்டுக்குள்ளிருந்து மாமியாரின் குரல் எழுந்தது. நிதானமான, குறும்பே இல்லாத, வகுப்பில் எப்போதும் ஒருத்தி இருப்பாளே, அந்தக் குரல்.

"ஏம்மா டீச்சரு. ஒரு டவுட்டு. அந்த மெஷின ஒடச்சுட்டே. சரி. ரோட்டுல லாரி, பஸ்ஸு, காருன்னு லொங்கு லொங்குன்னு ஓடிக்கினு கீதே, அதுங்களும் இதே பொகையத்தானே வுடுது?"

கார் மணிகூட ஊளையை நிறுத்திக்கொண்டது.

ஜலஜா யோசித்தாள். எவ்வளவு யோசித்தாலும் அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் இருந்தது. கேட்டுக்கு வெளியே ஆர்.கே. மடம் சாலை, பம்பரோடு பம்பர் உரச, வெயிலில் புகைந்துகொண்டிருந்தது. அவள் ஜெனரேட்டரிலிருந்து இறங்கினாள். கோடாலியைத் தோளில் மாற்றிக்கொண்டாள்.

"ஐயோ" என்றார் சுந்தரராமன். கட்டிய நாளிலிருந்து முதல்முறையாக ஓடிப்போய் அவள் வழியை மறித்தார். "ஜலஜா, வேண்டாம். மெட்ராஸ் பெரிசு."

அவள் அவரை ஒரு நாற்காலியை நகர்த்துவதுபோல் நகர்த்தினாள். வெங்கடேஷ் இடுப்பைக் கட்டிப்பிடித்தான்; அவனையும் இழுத்துக்கொண்டு நடந்தாள். அஃப்சருன்னிசா கோடாலிக் காம்பைப் பற்றி, "போதும் டீச்சரம்மா, இன்னிக்கி இது போதும்" என்று தொங்கினாள். கடைசியில் ஜெயராமே, உடைந்த மூக்கோடு பாய்ந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

"மேடம்! சத்தியமா இந்த மரத்துல ஒரு இலைகூட நான் தொட மாட்டேன்! எழுதித் தரேன்! கார வெளியில நிறுத்திக்கிறேன்! ரோட்டுக்கு மட்டும் போய்டாதீங்க மேடம், செக்ரெட்ரின்னு என்னத்தான் புடிப்பாங்க!"

"எல்லாருக்கும் கேட்டுதா?" என்றாள் ஜலஜா, நிற்காமலே. கேட்டது என்று நான்கு மாடியும் சொன்னது. "நன்னா கேட்டுது!" என்று லிஃப்டிலிருந்த மாமியாரும், ஜலஜாவிடம் கேட்டுப் பழகிய பாஷையில், சாட்சி சொன்னாள்.

அதற்குள் மூவரையும் இழுத்துக்கொண்டு அவள் கேட்டைத் தாண்டிவிட்டாள். நெரிசலில் நின்ற ஒரு டவுன் பஸ்ஸின் ஓட்டுநர் தலையைத் திருப்பிப் பார்த்தார். பஞ்சும் ரத்தமும் கரியுமாக ஒரு பெண்மணி, கையில் கோடாலி, அதன் காம்பில் ஓர் ஆள், இடுப்பில் ஓர் ஆள், காலில் ஓர் ஆள். என்ன, ஏது என்று அவர் ஒன்றுமே கேட்கவில்லை. இன்ஜினை அணைத்தார்.